இளங்கலையிலேயே சர்வதேச உறவுகள் படிக்கலாமா? மாற்று வழிகளோடு ஓர் ஒப்பீடு

1992 முதல் அடுத்தடுத்து ஐநா பொதுச்செயலாளராக வந்த நான்கு பேர் கல்லூரியில் முதலில் என்ன படித்தார்கள் என்று பாருங்கள். பூட்ரோஸ் பூட்ரோஸ் காலி கெய்ரோவில் சட்டம் படித்தார். கோஃபி அன்னான் அமெரிக்காவில் பொருளாதாரம். பான் கி மூன் சியோல் தேசியப் பல்கலைக்கழகத்தில் சர்வதேச உறவுகள். அன்டோனியோ குட்டரெஸ் லிஸ்பனில் மின்பொறியியல். உலக அரசியலில் வேலை செய்ய வேண்டும் என்றால் ஐஆர் (சர்வதேச உறவுகள்) பட்டம்தான் வாங்க வேண்டும் என்று நினைத்துக் கொண்டிருப்பவர்கள் இந்த ஒரு தகவலோடு ஆரம்பிப்பது நல்லது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஐஆர் அருமையான பாடம், ஆனால் இளங்கலையில் அதை மட்டும் தனியாக எடுத்தால், நிறையத் தெரிந்திருந்தும் எதையும் செய்துகாட்டத் தெரியாமல் வெளியே வரும் ஆபத்து இருக்கிறது. ஒரு வெளிநாட்டு மொழி, பொருளாதாரம், புள்ளியியல் இவற்றில் ஏதாவது இரண்டு கட்டாயப் பாடமாக உள்ள ஐஆர் பட்டம் கிடைத்தால் தயங்காமல் சேருங்கள். கிடைக்கவில்லை என்றால் முதலில் பொருளாதாரமோ சட்டமோ படித்துவிட்டு, முதுகலையில் ஐஆருக்கு வருவதுதான் நல்லது என்று நினைக்கிறேன். ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

இந்தத் துறைக்கென்று முதல் பேராசிரியர் பதவி 1919இல் வேல்ஸில் உள்ள அபெரிஸ்ட்வித்தில் உருவானது. முதல் உலகப் போர் முடிந்த கையோடு, இப்படி ஒரு பேரழிவு மறுபடி வராமல் தடுக்க முடியுமா என்ற கேள்வியிலிருந்து பிறந்த பாடம் இது. அதே ஆண்டில் வாஷிங்டனில் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகம் வெளியுறவுப் பணிக்கென்று தனிக் கல்விப்பிரிவு ஒன்றைத் தொடங்கியது. ஆக, ஆரம்பத்திலிருந்தே இரண்டு முகம் இதற்கு: ஒன்று போர் ஏன் வருகிறது என்று யோசிப்பது, இன்னொன்று அயலுறவு வேலைக்கு ஆள் தயார் செய்வது. இந்த இரண்டுக்காகவும் வரலாறு, சட்டம், பொருளாதாரம், அரசியல் அறிவியல் என்று எல்லாத் துறைகளிடமும் அது கடன் வாங்கிக் கொண்டது. இளங்கலை மாணவரைப் பொறுத்தவரை பாடத்தின் பலமும் பலவீனமும் இந்தக் கடனில்தான் இருக்கின்றன. எல்லாவற்றையும் தொடுவீர்கள், ஆனால் எதிலும் ஆழம் போகாமலேயே மூன்று நான்கு வருடம் ஓடிவிடலாம்.

வகுப்பில் என்ன நடக்கும்? முதல் வருடத்தில் ரியலிசம், லிபரலிசம், கன்ஸ்ட்ரக்டிவிசம் என்று கோட்பாடுகள் வரும். நாடுகள் பயத்தாலும் பலத்தாலும் இயங்குகின்றனவா, வர்த்தகமும் அமைப்புகளும் அவற்றைக் கட்டுப்படுத்துகின்றனவா, தங்களைப் பற்றியும் பிறரைப் பற்றியும் அவை வைத்திருக்கும் எண்ணங்கள்தான் நடத்தையைத் தீர்மானிக்கின்றனவா என்பவைதான் அடிப்படைக் கேள்விகள். பலருக்கு இது சலிப்பாக இருக்கும், செய்தி பார்த்து ஆர்வம் வந்தவர்களுக்குக் குறிப்பாக. ஆனால் நல்ல ஆசிரியர் கையில் இது உயிர்பெறும். 1962 கியூபா ஏவுகணை நெருக்கடியை எடுத்துக்கொள்ளுங்கள். சோவியத் யூனியன் பரம ரகசியமாக ஏவுகணைகளைக் கொண்டுவந்து இறக்கியது, ஆனால் தளங்களைத் தன் நாட்டில் வழக்கமாகக் கட்டும் அதே அமைப்பில், பெரிதாக மறைப்பு எதுவும் இல்லாமல் கட்டியது. அக்டோபர் 14 அன்று பறந்த யு-2 என்ற அமெரிக்க உளவு விமானம் எடுத்த படங்களில் அது அகப்பட்டது. ஒரு நாடு ஒரே மனிதரைப் போலக் கணக்குப் போட்டு நடக்கிறது என்று வைத்துக்கொண்டால் இதற்கு விளக்கமே இல்லை. கட்டியவர்கள் தங்கள் கையேட்டின்படி கட்டினார்கள் என்று பார்த்தால் சட்டென்று புரிகிறது. மாஸ்கோவின் ரகசியத் திட்டத்தையும் களத்தில் இருந்த பிரிவின் வழக்கத்தையும் பிரித்துப் பார்க்கத் தெரிவதுதான் ஐஆர் கற்றுத்தரும் பயிற்சி. இதை வேறு எந்த இளங்கலையும் இவ்வளவு நேரடியாகத் தராது.

சரி, மற்ற பாடங்கள் எங்கே வேறுபடுகின்றன? ஒரே விஷயத்தை எல்லோரிடமும் கொடுத்துப் பார்க்கலாம். 2022 பிப்ரவரி இறுதியில், உக்ரைன் மீதான படையெடுப்பு தொடங்கிய சில நாட்களிலேயே, மேற்கத்திய நாடுகள் ரஷ்ய மத்திய வங்கியின் சுமார் 30,000 கோடி டாலர் கையிருப்பை முடக்கின. அதில் பெரும்பகுதி பெல்ஜியத்தில் உள்ள, கடன்பத்திரங்களைக் காத்துவைக்கும் யூரோகிளியர் நிறுவனத்தில் இருந்தது. சட்டம் படித்தவர் முதலில் கேட்பது, முடக்குவதும் பறிமுதல் செய்வதும் ஒன்றா, ஓர் அரசின் மத்திய வங்கிச் சொத்துக்கு இன்னொரு நாட்டில் என்ன பாதுகாப்பு உண்டு என்பதாக இருக்கும். பொருளாதாரம் படித்தவர், அந்தக் கடன்பத்திரங்கள் முதிர்ந்து பணமாகித் தேங்கினால் அதன்மேல் வரும் லாபம் யாருக்கு, இனி மற்ற மத்திய வங்கிகள் எந்தக் கரன்சியில் சேமிக்கும் என்று போவார். (2024இல் ஜி7 நாடுகள் அந்த லாபத்தை வைத்துத்தான் உக்ரைனுக்கு 5,000 கோடி டாலர் கடன் ஏற்பாடு செய்தன.) வரலாறு படித்தவர் 1979இல் அமெரிக்கா ஈரானின் சொத்துகளை முடக்கியதையும், 1981இல் அல்ஜீரியா நடுவில் நின்று பேசி முடித்த உடன்பாட்டையும் எடுத்து வைப்பார். ரஷ்ய மொழி தெரிந்தவர் மாஸ்கோவில் இதைப் பற்றி என்ன பேசிக்கொள்கிறார்கள் என்பதை யாருடைய மொழிபெயர்ப்புக்கும் காத்திராமல் வாசிப்பார். ஐஆர் படித்தவரோ, கூட்டணிக்குள் செலவையும் ஆபத்தையும் யார் சுமக்கிறார்கள், அந்தப் பணத்தில் கைவைக்க பெல்ஜியம் ஏன் தயங்கியது, வேடிக்கை பார்க்கும் மூன்றாம் நாடுகள் இதிலிருந்து என்ன முடிவுக்கு வரும் என்று கேட்பார்.

ஐஆர் கேள்விகள்தான் இவற்றில் மிக அகலமானவை, எனக்கு மிகவும் பிடித்தவையும் அவைதான். ஆனால் அவற்றுக்கு உருப்படியான பதில் சொல்ல வேண்டுமானால் மற்ற நான்கு பேரில் ஒருவருடைய கைத்திறனாவது உங்களிடம் இருக்க வேண்டும். அது இல்லாமல் எழுதப்படும் ஐஆர் கட்டுரைகள் நாளிதழ்த் தலையங்கம் போல ஆகிவிடுகின்றன.

இப்போது ஒவ்வொரு வழியாக.

பொருளாதாரத்தைப் பற்றித்தான் நான் அதிகம் வற்புறுத்துவேன், காரணம் கதவுகள் திறக்கும் திசை. பொருளாதாரத்தில் இளங்கலை முடித்தவர் ஐஆர் முதுகலைக்கு விண்ணப்பித்தால் பெரும்பாலான இடங்களில் மகிழ்ச்சியாகப் பார்ப்பார்கள். ஐஆர் முடித்தவர் பொருளாதார முதுகலைக்குப் போக நினைத்தால், நுண்கணிதம் எங்கே, நேரியல் இயற்கணிதம் எங்கே, பொருளாதாரத் தரவைப் புள்ளியியலால் ஆராயும் எக்கனாமெட்ரிக்ஸ் எங்கே என்று கேட்பார்கள், அதை ஈடுகட்ட இன்னும் ஒரு வருடம் போகும். ஐஎம்எஃப் (சர்வதேச நாணய நிதியம்), உலக வங்கி போன்ற இடங்களின் பொருளாதார நிபுணர் பதவிகளுக்குப் பொருளாதாரத்தில் உயர்பட்டம் வேண்டும், அங்கே ஐஆர் பட்டம் ஈடாகாது. உலக வர்த்தக அமைப்பின் தலைவர் எங்கோசி ஒகோன்ஜோ இவேலா ஹார்வர்டில் பொருளாதாரம் படித்து, எம்ஐடியில் முனைவர் பட்டம் வாங்கி, உலக வங்கியில் பல ஆண்டுகள் வேலை பார்த்து அந்த இடத்துக்கு வந்தவர். வர்த்தகம், பொருளாதாரத் தடை, கடன், எரிசக்தி, இப்போது சிப்கள், அரிய கனிமங்கள் என்று நாடுகள் சண்டை போடும் விஷயங்களில் பாதிக்கு மேல் கணக்குத் தெரிந்தவர்களுக்குத்தான் முழுதாகப் புரிகின்றன.

ஆனால் ஒன்று. கணிதம் உங்களுக்கு வேதனை என்றால் இந்த யோசனையை விட்டுவிடுங்கள், யார் சொன்னாலும் சரி. பிடிக்காத பாடத்தில் மூன்று வருடம் தட்டுத்தடுமாறி, சுமாரான மதிப்பெண்ணோடு வெளியே வந்தால், நீங்கள் கனவு கண்ட அந்த நல்ல முதுகலையிலேயே இடம் கிடைக்காமல் போகும். பிடித்த பாடத்தில் எடுக்கும் நல்ல மதிப்பெண்ணுக்கு அதற்கே உரிய மதிப்பு உண்டு.

சட்டம் அடுத்தது. சில நாடுகளில் பள்ளி முடித்ததும் நேரே சட்டத்தில் சேரலாம், அமெரிக்காவில் வேறொரு பட்டம் முடித்த பிறகுதான் முடியும். அதனால் இந்த வழி எல்லோருக்கும் ஒரே மாதிரி அமையாது. சட்டத்தின் பெரிய பலம், உலக அரசியல் கைகூடாவிட்டாலும் கையில் ஒரு தொழில் இருக்கும். குறை என்னவென்றால், ஒரு சாதாரண சட்டப் பட்டத்தில் சர்வதேசச் சட்டம் என்பது ஒன்றிரண்டு பேப்பர்தான், மீதி எல்லாம் அந்தந்த நாட்டின் ஒப்பந்தச் சட்டம், குற்றவியல், சொத்து, நடைமுறை. சர்வதேச நீதிமன்றம் இருக்கும் ஹேக் நகரத்தை மனதில் வைத்துக்கொண்டு சேருபவர்கள் இதை முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும். சர்வதேச நீதிமன்றத்தில் நீதிபதிகள் மொத்தம் 15 பேர், அங்கே நாடுகள் மட்டும்தான் வழக்காட முடியும், அந்த வழக்குகளில் வாதாடும் வழக்கறிஞர் வட்டம் மிகச் சிறியது. இருந்தாலும் ஓர் உடன்படிக்கையை வரிவரியாகப் படித்து, இந்த வாக்கியம் யாரைக் கட்டுப்படுத்துகிறது, எந்த இடத்தில் ஓட்டை விட்டிருக்கிறார்கள் என்று கண்டுபிடிக்கும் பழக்கம் இருக்கிறதே, பேச்சுவார்த்தை மேசையில் அதற்கு நிகராக எதுவும் கிடையாது. கடல் எல்லை, அகதிகள், முதலீட்டுத் தகராறு, பருவநிலை ஒப்பந்தம் இவற்றில் மனம் போகிறவர்கள் சட்டத்தைத் தாராளமாக முதலிடத்தில் வைக்கலாம்.

அரசியல் அறிவியல் ஐஆருக்கு மிக நெருங்கிய சொந்தம், பல பல்கலைக்கழகங்களில் ஐஆர் அதன் ஒரு கிளையாகத்தான் இருக்கிறது. அங்கே உள்நாட்டு அரசியல், தேர்தல், கட்சிகள், அரசமைப்பு எல்லாம் கூடுதலாக வரும், ஆய்வுமுறைப் பயிற்சியும் பல இடங்களில் இன்னும் இறுக்கமாக இருக்கும். இரண்டுக்கும் நடுவே தேர்ந்தெடுக்க வேண்டி வந்தால் பட்டத்தின் பெயரைப் பார்க்காமல் எந்தத் துறையின் ஆசிரியர்கள் நல்லவர்கள் என்று பாருங்கள், அது போதும். இதற்கு மேல் இதில் தலையை உடைத்துக்கொள்ளத் தேவையில்லை.

வரலாறு பற்றி ஒரு வார்த்தை. எழுதவும், முரண்பட்ட ஆவணங்களை வைத்து நிதானமாக ஒரு முடிவுக்கு வரவும் வரலாற்றைப் போல எந்தப் பாடமும் பழக்காது. வேலைச்சந்தையில் அதன் பெயர் கவர்ச்சியாக இல்லாமல் இருக்கலாம், ஆனால் தூதரகங்களிலும் ஆய்வு நிறுவனங்களிலும் அன்றாட வேலையே படித்துச் சுருக்கி எழுதுவதுதான் என்பதை மறக்கக் கூடாது.

மொழி என்ற வழியைப் பலரும் ஒரு கூடுதல் தகுதியாக மட்டும் பார்க்கிறார்கள், அது தவறான பார்வை. அமெரிக்க வெளியுறவுத் துறைக்குத் தன் அதிகாரிகளுக்கு மொழி கற்பிப்பதில் பல்லாண்டு அனுபவம் உள்ளது. அதன் கணக்குப்படி ஆங்கிலம் பேசுபவர் வேலைக்குப் போதுமான அளவு ஸ்பானிஷ் கற்க சுமார் 600 முதல் 750 வகுப்பு நேரம் ஆகும், ரஷ்யனுக்குச் சுமார் 1,100, அரபி, சீனம், ஜப்பானியம், கொரியன் என்றால் சுமார் 2,200. இந்த 2,200 மணி நேரத்தை இருபத்தெட்டு வயதில், வேலைக்கு நடுவே எங்கிருந்து எடுப்பீர்கள்? கல்லூரிக் காலத்தில் அது முடியும். வாரத்துக்கு எட்டு மணி நேர வகுப்பு, கூடவே அந்த மொழி பேசும் நாட்டில் ஒரு வருடம் என்று போனால் பட்டம் வாங்கும்போது கணிசமான தூரம் வந்திருப்பீர்கள். கோட்பாட்டைப் பிறகு புத்தகம் வாங்கிப் படித்துக்கொள்ளலாம், மொழியை அப்படிப் பிடிக்க முடியாது. அதனால் அரபி அல்லது சீனத்தோடு சேர்ந்த ஒரு பிராந்தியப் படிப்பையும், மொழியே இல்லாத வெறும் ஐஆர் பட்டத்தையும் எதிரெதிரே வைத்தால் நான் முதலாவதைத்தான் சொல்வேன். ஐநாவின் அலுவல் மொழிகள் ஆறு: அரபி, ஆங்கிலம், சீனம், பிரெஞ்சு, ரஷ்யன், ஸ்பானிஷ். ஆங்கிலத்தோடு இவற்றில் இன்னொன்று கைவசம் இருப்பவருக்கும் இல்லாதவருக்கும் விண்ணப்பக் கட்டத்திலேயே வித்தியாசம் தெரியும்.

பொறியியல், இயற்பியல், சுற்றுச்சூழல் அறிவியல் படிப்பவர்களும் இந்தப் பக்கம் வர முடியும். வியன்னாவில் உள்ள சர்வதேச அணுசக்தி முகமைக்கு ஆய்வாளர்கள் வேண்டும் என்றால் அணுப்பொருளைப் பற்றித் தெரிந்தவர்கள்தான் வேண்டும். ஏற்கெனவே அறிவியலில் நன்றாக இருப்பவர்கள் உலக அரசியல் ஆசைக்காக அதை உதறிவிட வேண்டியதில்லை.

வேலை விஷயத்துக்கு வருவோம், பெற்றோர் கேட்கப் போவதும் இதைத்தான். வெளியுறவுப் பணியைப் பொறுத்தவரை பல நாடுகள் குறிப்பிட்ட பட்டத்தைக் கேட்பதே இல்லை. இந்தியா, பிரேசில் இரண்டிலும் ஏதாவது ஓர் அங்கீகரிக்கப்பட்ட பட்டம் போதும், மீதி தேர்வு பார்த்துக்கொள்ளும். அமெரிக்காவிலும் இந்தப் பாடம்தான் படித்திருக்க வேண்டும் என்ற விதி இல்லை. ஐநாவில் இளம் தொழில்முறையாளர் தேர்வு என்று ஒன்று இருக்கிறது. முதல் பட்டம் போதும், வயது 32க்குள் இருக்க வேண்டும், அந்த ஆண்டு பங்கேற்கும் நாடுகளின் பட்டியலில் உங்கள் நாடு இருக்க வேண்டும். இதைத் தவிர்த்த பெரும்பாலான தொழில்முறைப் பதவிகளில் முதுகலையைக் கேட்கிறார்கள், இல்லாவிட்டால் இளங்கலையோடு கூடுதல் வருட அனுபவத்தைக் கேட்கிறார்கள். அதாவது ஐநா பக்கம் போக நினைப்பவர் எந்த இளங்கலையை எடுத்தாலும் முதுகலை ஒன்றைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளத்தான் வேண்டும். அப்புறம் இளங்கலையையும் முதுகலையையும் ஒரே பாடத்தில் செய்தால் இரண்டாவது தடவை கேட்கப் போவதில் பாதி ஏற்கெனவே கேட்டதாகவே இருக்கும்.

வெளியே பேசப்படாத இன்னொரு பக்கம் நிறுவனங்கள். வங்கிகள், கப்பல் காப்பீடு, ஏற்றுமதி நிறுவனங்கள் எல்லாவற்றிலும் பொருளாதாரத் தடைகளைச் சரிபார்க்கும் வேலை இருக்கிறது. இந்தச் சரக்கு கடைசியில் யாரிடம் போகிறது, இந்தக் கம்பெனியின் உண்மையான உரிமையாளர் யார், அவர் பெயர் தடைப்பட்டியலில் இருக்கிறதா என்று தோண்டும் வேலை அது. ஐஆர் படித்தவர்களுக்கு இது நன்றாகப் பொருந்தும், ஆனால் அங்கேயும் ஒரு மொழியோ தரவைக் கையாளும் திறமையோ இருப்பவரைத்தான் முதலில் கூப்பிடுவார்கள். பத்திரிகை, தொண்டு நிறுவனங்கள், ஆய்வு நிறுவனங்கள் மூன்றிலும் படிக்கும்போதே செய்த இன்டர்ன்ஷிப்பும், உங்கள் பெயரில் வெளிவந்த எழுத்தும் பட்டத்தைவிட அதிகம் பேசும். சம்பளமில்லாத இன்டர்ன்ஷிப் இந்தத் துறையின் பெரிய அநியாயம் என்பதையும் சொல்லியாக வேண்டும். வீட்டில் வசதி இருப்பவர்களால் மட்டும்தான் ஜெனீவாவிலோ நியூயார்க்கிலோ ஆறு மாதம் சொந்தக் காசில் தங்க முடியும். அந்த வசதி இல்லாதவர்கள் பல்கலைக்கழகம் இதற்கு உதவித்தொகை தருகிறதா என்று சேருவதற்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் உள்ளே போன பிறகு தெரிந்து பயனில்லை.

இத்தனைக்குப் பிறகும் இளங்கலையில் நேரே ஐஆர்தான் எடுக்க வேண்டும் என்று சிலருக்கு நான் சொல்வேன். நிறையப் படிப்பவர்கள், எழுதுவதில் களைப்படையாதவர்கள், ஒரே துறைக்குள் அடைபட்டால் மூச்சுமுட்டுகிறவர்கள். அவர்களுக்கு ஒரு போரை வரலாறாக, வணிகமாக, சட்டமாக மாறிமாறிப் பார்க்கும் இந்தப் படிப்பு பெரிய கொடை. பதினெட்டு வயதில் அந்தப் பார்வை வந்துவிட்டால் பிறகு படிப்பது எல்லாம் அதனோடு வந்து ஒட்டிக்கொள்ளும். ஒரு சர்வதேசக் கல்லூரியில் சேர்வதால் பல நாட்டு மாணவர்களோடு ஒரே அறையில் உட்கார்ந்து, அவர்கள் நாட்டில் இதே சண்டை எப்படிச் சொல்லிக்கொடுக்கப்படுகிறது என்று நேரில் கேட்பதும் சாதாரண லாபம் இல்லை.

ஒன்றுக்கு மேற்பட்ட துறைகளை இணைக்கும் கூட்டுப் பட்டங்களும் உண்டு. ஐஆரும் பொருளாதாரமும், ஐஆரும் ஒரு மொழியும், அரசியல், தத்துவம், பொருளாதாரம் மூன்றும் சேர்ந்தது (ஆக்ஸ்ஃபோர்டில் 1920இல் தொடங்கிய பட்டம் அது, பிறகு பல நாடுகளில் பரவியது). கிடைத்தால் இவைதான் என் முதல் தேர்வு. சுமை அதிகம், தேர்வு நேரத்தில் இரண்டு துறைகளும் ஒன்றுக்கொன்று தெரியாமல் நெருக்கும், அதற்குத் தயாராக இருக்க வேண்டும்.

விண்ணப்பிக்கும் முன் ஒன்று செய்யுங்கள். கல்லூரியின் விளம்பரப் பக்கத்தை மூடிவிட்டு, செமஸ்டர் வாரியான பாடப்பட்டியலைத் திறந்து வையுங்கள். மொழி கட்டாயமா விருப்பமா, எத்தனை செமஸ்டர்? புள்ளியியல் அல்லது ஆய்வுமுறை ஒரு பேப்பராவது உண்டா? பொருளாதாரம் அறிமுகத்தோடு நிற்கிறதா, அதற்கு மேல் போகிறதா? கடைசி வருடத்தில் ஆய்வேடு எழுத வேண்டுமா? வெளிநாட்டில் ஒரு செமஸ்டர் என்று போட்டிருந்தால் அதற்கு எத்தனை பேரை உண்மையில் அனுப்புகிறார்கள்? இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு ஆம் என்று பதில் வந்தால் அந்த ஐஆர் பட்டம் பொருளாதாரத்துக்கும் சட்டத்துக்கும் சளைத்தது இல்லை. "உலக அரசியல் அறிமுகம்", "சமகாலப் பிரச்சினைகள்", "உலகமயமாதலும் சமூகமும்" என்று ஒன்றையொன்று ஒத்த தலைப்புகளே ஆறு செமஸ்டரும் வந்தால் வேறு இடம் பாருங்கள்.

ஏற்கெனவே அப்படி ஒரு பட்டத்தில் இரண்டாம் வருடம் இருப்பவர்கள் விட்டுவிட்டு ஓட வேண்டியதில்லை. விருப்பப் பாடமாக வேறு துறையில் புள்ளியியலும் பேரினப் பொருளாதாரமும் எடுக்க அனுமதி கேளுங்கள், பெரும்பாலும் கிடைக்கும். ஒரு மொழியை இன்றைக்கே தொடங்குங்கள். ஆய்வேட்டுக்கு "இரு நாட்டு உறவுகள்" மாதிரி அகலமான தலைப்பை விட்டுவிட்டு, ஒரே ஓர் உடன்படிக்கை, ஒரே ஒரு துறைமுகம், ஒரே ஒரு பொருளின் மீதான தடை என்று குறுகலாக எடுங்கள். வேலை நேர்காணலில் அதைப் பற்றிப் பத்து நிமிடம் விடாமல் பேச உங்களுக்கு விஷயம் இருக்கும்.